கால்வாய்ப் படகில் போனபோது யாரைச் சந்தித்தீர்கள்?

லெஸ்டரிலிருந்து:

சொந்தப் படகோ வாடகைப் படகோ, நாமே ஓட்டிக்கொண்டு போன பயணங்களில் சந்தித்தவர்களைப் பற்றி இங்கே எழுதலாம். இடங்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு மனதில் நிற்பது ஆட்கள்தான்.

இங்கிலாந்தில் வாடகைக்கு நேரோபோட் எடுக்க லைசென்ஸ் தேவையில்லை. ஓட்டும் விதத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, 7 அடி அகலத்தில் நீளமான இரும்புப் படகு ஒன்றை நம்மிடம் விட்டுவிடுவார்கள். சுக்கான் பிடியை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும். வேக வரம்பு மணிக்கு 4 மைல். கரையில் படகுகள் கட்டியிருந்தால் அதையும் குறைக்க வேண்டும். பாதையில் நடந்து போகிறவர்கள் கூடவே பேசிக்கொண்டு வர இந்த வேகம் ரொம்ப வசதி.

அப்பா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்தபோது லாங்கோலன் கால்வாயில் போனோம். கிரிண்ட்லி புரூக் என்ற இடத்தில் 6 லாக்குகள், அதாவது தண்ணீரை ஏற்றியும் இறக்கியும் படகை மேலேயும் கீழேயும் கொண்டுபோகும் கதவு வைத்த அறைகள். மேலே இருக்கும் மூன்றும் படிக்கட்டு மாதிரி ஒட்டியிருக்கும்: ஒன்றின் மேல்கதவுதான் அடுத்ததற்குக் கீழ்க்கதவு. வரிசை மாற்றித் திறந்தால் ஒரு அறையில் தண்ணீர் வழிந்து ஓடும், இன்னொன்று வற்றிப்போகும். அதனால் சீசனில் தன்னார்வலர்கள் நின்று உதவுகிறார்கள். அன்றைக்கு இருந்தவர் அப்பா வயதுடைய ஒரு அம்மா.

அப்பா இறங்கிப் போய், கதவில் இருந்த பல்சக்கரத்தையும் அது தூக்குகிற பலகையையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். “நம்ம மதகு ஷட்டர்தான்டா இது. அந்தம்மாகிட்ட கேளு, தண்ணி எங்கேருந்து வருது?” என்றார். கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. எல்லோரும் அவரிடம் கேட்பது பக்கத்தில் எங்கே பப் இருக்கிறது என்றுதானாம்.

அவர் சொன்னது இது: லாங்கோலன் ஊருக்கு மேலே டீ ஆற்றில் டெல்ஃபோர்ட் என்ற பொறியாளர் கட்டிய வளைந்த அணை ஒன்று இருக்கிறது. தண்ணீர் அங்கே பிரிந்து, கால்வாய் நெடுகிலும் ஓடி, கடைசியில் ஹர்ல்ஸ்டன் நீர்த்தேக்கத்தில் விழுகிறது, குடிநீருக்காக. 1944-இல் சட்டப்படி இந்தக் கால்வாயில் படகுப் போக்குவரத்தை மூடிவிட்டார்கள். தண்ணீர் கொண்டுபோக வழி வேண்டும் என்பதால்தான் தூர்க்காமல் விட்டார்கள், அதனால்தான் இன்றைக்கு மறுபடி படகு ஓடுகிறது. நாங்கள் மேலே போகும்போது படகு இழுவையாக இழுத்ததற்கும் அந்த ஓட்டம்தான் காரணம்.

“அப்ப இது பாசன வாய்க்கால் மாதிரிதான்” என்றார் அப்பா. அந்த அம்மா விடவில்லை. உங்கள் ஊரில் தண்ணீரை எப்படிப் பங்கிடுவீர்கள் என்று கேட்டார். ஆறு, கிளை வாய்க்கால், முறை வைத்து விடுவது, கடைமடைக்குத் தண்ணீர் போய்ச்சேராத வருத்தம் எல்லாவற்றையும் அப்பா சொல்ல, நான் மொழிபெயர்த்தேன். பின்னால் வந்த படகுக்காரர்கூட அவசரப்படுத்தாமல் கேட்டுக்கொண்டு நின்றார். அப்புறம் அந்த அம்மா, ஷட்டரைச் சுற்றித் திறக்கும் தன் கைப்பிடியை அப்பாவிடம் கொடுத்து, மேல் லாக்கின் ஷட்டரை அவரையே திறக்கச் சொன்னார்.

இதே கால்வாயில் வரும் பொன்ட்கசில்தே தொட்டிப்பாலம் பற்றியும் சொல்ல வேண்டும். 1805-இல் திறந்தது. 307 மீட்டர் நீள வார்ப்பிரும்புத் தொட்டி. ஒரு பக்கம் நடைபாதையும் கம்பியும் உண்டு. மறுபக்கம் தொட்டியின் விளிம்பு மட்டும்தான், அதைத் தாண்டினால் 38 மீட்டர் கீழே ஆறு. நாயோடு நடந்து வந்த உள்ளூர்க்காரர் ஒருவர் பாலம் முடியும்வரை எங்களோடு பேசிக்கொண்டே வந்தார். பராமரிப்புக்குத் தண்ணீரை வடிக்க, நடுவில் ஒரு அடைப்பைத் திறந்தால் போதுமாம், மொத்தமும் ஆற்றில் கொட்டும் என்றார். அப்பா ஊருக்குப் போய் எல்லோரிடமும் முதலில் சொன்னது அதைத்தான்.

ரெடிங்கிலிருந்து:

அண்ணா, அப்பாவைப் பற்றிப் படித்ததும் எழுதத் தோன்றியது.

நாங்கள் போனது கென்னட் அண்ட் ஏவன் கால்வாய். டிவைசஸ் ஊருக்கு அருகே கேன் ஹில். 2 மைலில் 29 லாக், ஏற்றம் 72 மீட்டர். இங்கே லாக்குகள் அகலம், இரண்டு நேரோபோட் பக்கத்துப் பக்கத்தில் நிற்கலாம். தண்ணீரும் மிச்சம், உழைப்பும் பாதி. அதனால் அடிவாரத்தில் இன்னொரு படகு வரும்வரை காத்திருந்து ஜோடி சேர்ந்துகொள்வது வழக்கம். எங்களுக்கு அமைந்தவர்கள் படகிலேயே குடியிருக்கும் ஒரு வயதான தம்பதி. நிரந்தரமாகக் கட்டிவைக்கும் இடம் இல்லாதவர்கள் பொதுவாக 14 நாளுக்கு மேல் ஒரே இடத்தில் நிற்கக் கூடாது என்பது விதி. அப்படியே வருடக்கணக்காக ஊர் ஊராக நகர்கிறார்கள்.

அந்தப் பெரியவர் இளைஞராக இருந்தபோது இதே கால்வாயில் சேறு அள்ளியவர். ஒரு காலத்தில் லாக்குகள் இடிந்து, பல இடங்களில் தண்ணீரே இல்லாமல் கிடந்த கால்வாய் இது. தன்னார்வலர்கள் பல ஆண்டுகள் வார இறுதிகளில் வந்து உழைத்து, நிதி திரட்டி, 1990-இல் ராணி எலிசபெத் வந்து மறுபடி திறந்துவைத்தார். ஒரு லாக்கின் செங்கல் சுவரைக் கையால் தட்டி, “இதற்குக் கலவை சுமந்தேன்” என்றார். பெருமைக்காகச் சொன்ன மாதிரி இல்லை. பழைய வீட்டைக் காட்டுகிறவரின் குரல் அது. சுற்றுலா என்று வருகிறவர்கள் ஒரு வார இறுதியாவது இந்தத் தன்னார்வலர்களோடு நின்று பார்க்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

உச்சிக்குப் போய்ச் சேர மாலையாகிவிட்டது. எங்கள் படகில் புளியோதரை இருந்தது. அவர்கள் ஆப்பிள் கேக் கொண்டுவந்தார்கள்.

பாரிஸிலிருந்து:

தெற்கு பிரான்சின் கனால் து மிதி என்கிற கால்வாய் பற்றி ஒருவரும் எழுதவில்லையே. ரிக்கே என்பவர் கட்டுவித்தது, 1681-இல் திறந்தது, 240 கிலோமீட்டர். லாக்குகளின் சுவர்கள் முட்டை வடிவில் வளைந்திருக்கும். ஆரம்பத்தில் நேராகக் கட்டிய சுவர் மண் தள்ளி இடிந்ததால் அப்படி மாற்றினவராம்.

நாங்கள் பிள்ளைகளோடு போனபோது, கரையில் வெட்டின மரங்களின் அடிக்கட்டைகள் நிறைய. ஏன் வெட்டுகினம் என்று லாக் பார்க்கிற பெண்ணிடம் கேட்டேன். பிளேன் என்கிற நிழல் மரங்களுக்கு ஒரு பூஞ்சை நோய். கால்வாயில் 2006-இல் கண்டுபிடித்தது. இரண்டாம் உலகப் போரில் வெடிமருந்து கொண்டுவந்த மரப்பெட்டிகளோடு இது பிரான்சுக்குள் வந்ததாகச் சொல்கிறார்கள். மருந்து இல்லை, வெட்டி எரிப்பதுதான் வழி. கரையோரம் இருந்த 42,000 மரங்களில் பெரும்பகுதி போய்விட்டது. தான் சின்ன வயதில் நிழலில் விளையாடின மரங்கள் என்று சொன்னபோது அவருக்குக் குரல் தழுதழுத்தது. கட்டையைப் பார்த்து வந்த என் மகள், பக்கத்தில் நட்டிருந்த இளங்கன்றுகளைப் பற்றிக் கேட்கத் தொடங்கினாள். அவை வேறு இன மரங்கள், நோய் தாங்குமா என்று பார்த்து நடுகிறார்கள் என்று அந்தப் பெண் ஒவ்வொன்றாகக் காட்டினார்.

போகிறவர்களுக்கு ஒரு விஷயம்: மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் லாக் மூடியிருக்கும். எரிச்சல்பட வேண்டாம். முன்னும் பின்னும் நிற்கிற படகுக்காரரோடு கதைக்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.