கலைச்சொல் தேவை: கார்ட்டூன் சாயலில் வரையும் உருவப்படம்

ம.செ. எழுதியது:

அன்புள்ள குழுவினர்க்கு வணக்கம்.

ஓவியக் கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்குச் சமகால ஓவியம் பற்றிய பாடக்குறிப்பைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ஜப்பானிய ஓவியர் யோஷிதோமோ நாரா பற்றிய பகுதியில் ஒரு சொல் இழுக்கிறது. பெரிய தலை, அகன்ற கண், முறைப்பு, குட்டிக் கைகால் என்று சிறுமிகளை வரைபவர், படங்களைப் பார்த்திருப்பீர்கள். அகராதியில் உள்ளபடி 'கேலிச்சித்திர உருவப்படம்' என்று போட்டு வகுப்பில் கொடுத்துப் பார்த்தேன். முதல் பெஞ்சிலிருந்து கேள்வி: "இதுல யாரை சார் கேலி பண்றாரு?"

நியாயமான கேள்வி. வேறு சொல் தாருங்கள். பிள்ளைகள் தேர்வில் எழுதப்போகும் சொல் என்பதையும் மறக்கவேண்டாம்.

இரா. எழுதியது:

கேலிச்சித்திரம் செய்தித்தாள் சொல். பாரதி 'இந்தியா' இதழில் கருத்துப்படம் போட்ட காலத்திலிருந்து நமக்குக் கார்ட்டூன் என்றால் ஆட்சியில் இருப்பவரைக் குத்திக்காட்டும் படம். ஆனால் டிவியில் குழந்தைகள் பார்ப்பதும் கார்ட்டூன்தான். அதைக் கேலிச்சித்திரம் என்று எந்த வீட்டிலும் சொல்வதில்லை. நாராவின் சிறுமிகள் இந்த இரண்டாவது குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். 'கார்ட்டூன் பாணி உருவப்படம்' என்று எழுதிவிடுங்கள். வேலை முடிந்தது.

கோ.வே. எழுதியது:

முடியவில்லை ஐயா. 'கார்ட்டூன்' என்பதன் மூலம் இத்தாலிய 'கார்த்தோனே'. பொருள் கெட்டித்தாள், அவ்வளவுதான். சுவரோவியம் தீட்டுமுன் அதே அளவில் மாதிரி வரைந்துகொள்ளும் தாள். திரைச்சீலை நெய்வதற்கும் அப்படி மாதிரி வரைவார்கள்; ரஃபேல் வரைந்த அத்தகைய தாள்கள் இன்றும் லண்டனில் உள்ளன. 1843இல் அதே லண்டனில் 'பஞ்ச்' இதழ் நாடாளுமன்றச் சுவரோவிய மாதிரிகளைப் பகடி செய்யப்போய், அந்தப் பெயர் நையாண்டிப் படத்துக்கு ஒட்டிக்கொண்டது. அட்டையின் பெயரை நாம் ஏன் சுமக்கவேண்டும்? சரி, சுமப்போம், புணர்ச்சி என்ன செய்வீர்கள்? பொன்னும் குடமும் பொற்குடம் ஆவதுபோல 'கார்ட்டூற்பாணி' என்று எழுதச் சொல்வீர்களா?

தொல்காப்பியர் வழி காட்டியிருக்கிறார். "எள்ளல் இளமை பேதைமை மடன் என்று உள்ளப்பட்ட நகை நான்கு என்ப." கேலிச்சித்திரம் எள்ளலில் பிறப்பது. நாராவிடம் இருப்பது மற்ற மூன்றும். ஆகவே 'நகையுருவம்'.

இரா. எழுதியது:

கார்ட்டூற்பாணி! இந்த ஆண்டின் சிறந்த கலைச்சொல் விருது இதற்கே.

தி. எழுதியது:

கோ.வே. ஐயா, நகையுருவம் என்றால் எங்கட பிள்ளைகள் நகைக்கடை விளம்பரம் என்றுதான் நினைப்பினம். அது கிடக்கட்டும். அந்தச் சிறுமி சிரிக்கவே இல்லையே! 2000ஆம் ஆண்டுப் படம் ஒன்று, 'முதுகுக்குப் பின்னால் கத்தி' என்று பெயர். சிவப்புச் சட்டை போட்ட சின்னப் பெண், கண்ணைச் சாய்த்து எங்களை முறைக்கிறாள். ஒரு கை தெரிகிறது, மற்றக் கை பின்னால் போய்விட்டது. கத்தி படத்தில் எங்கும் கிடையாது; தலைப்பில் மட்டும்தான் இருக்கிறது. படமும் சின்னதில்லை, உயரம் 234 செ.மீ. முன்னால் போய் நின்றால் நாங்கள்தான் சின்னப் பிள்ளை. இதில் நகை எங்கே, அச்சம் எங்கே என்று ஆராவது பிரித்துச் சொல்லுங்கோ பார்ப்போம்.

கோ.வே. எழுதியது:

அம்மா சொன்னதும் பொறி தட்டியது. கொல்லிப்பாவை! சங்கப் பாடல்களில் வரும் கொல்லிமலைப் பாவை பார்ப்பவரை மயக்கும். சிரித்தே கொல்லும் என்பது வழிவழிக் கதை. அழகும் ஆபத்தும் ஒரே பொம்மையில்! பாவை என்றால் பொம்மை, பாவை என்றால் கண்ணின் மணியில் தெரியும் உருவமும்கூட. "கருமணியிற் பாவாய்நீ போதாயாம்" என்று வள்ளுவர் தலைவனைப் பேசவைப்பது நினைவிருக்கும். நாராவின் ஓவியத்தில் பாதி முகம் கண்தானே? 'நகையுருவம்' விலக்கிக்கொள்கிறேன். 'பாவைமுகம்' என்று வையுங்கள். 'பாவு' என்னும் வேரிலிருந்து இச்சொல் வந்ததென்பார் கூற்றை நான் ஏற்பதில்லை. அதைத் தனி இழையில் விரிவாக எழுதுகிறேன்.

ம.செ. எழுதியது:

தனி இழையில் எழுதுங்கள் ஐயா, கட்டாயம் படிப்பேன். இன்று புதன்கிழமை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நாராவை எல்லோரும் மாங்கா (ஜப்பானியப் படக்கதை) வாரிசு என்கிறார்கள். (மாங்கா என்றதும் வகுப்பு உப்பும் மிளகாய்த்தூளும் கேட்டது, அது வேறு கதை.) அவர் அதை அப்படியே ஒப்புக்கொள்வதில்லை. சிறுவயதில் பார்த்த குழந்தைகளுக்கான படப் புத்தகங்களையும் இசைத்தட்டு உறைகளையும்தான் சொல்கிறார். 1959இல் அவொமோரி மாநிலத்து ஹிரோசாகியில் பிறந்தவர். அம்மா அப்பா இருவரும் வேலைக்குப் போக, ஆளில்லாத வீட்டில் அமெரிக்க ராணுவ வானொலியில் பாட்டுக் கேட்டு வளர்ந்தார். மொழி புரியாது, அதனால் உறையில் இருந்த படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். 1988இல் ஜெர்மனியில் டூசல்டோர்ஃப் கலைக்கல்லூரிக்குப் போனபோதும் அதே கதை: மொழி வராது, பேச ஆளில்லை. அங்கேதான் அந்தச் சிறுமிகள் தரையும் சுவரும் இல்லாத வெற்று வெளியில் தனியாக நிற்கத் தொடங்கினார்கள். ஆக 'கார்ட்டூன்' என்ற பாதியே சந்தேகம்.

ச. எழுதியது:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். தூரிகை பிடிப்பவன் என்ற முறையில் ஒன்று: மற்றப் பாதியும் சந்தேகம்தான். உருவப்படம் என்றால் எதிரே ஒருவர் உட்கார்ந்திருக்கவேண்டும், அல்லது இன்னாருடைய படம் என்று சொல்ல ஒரு பெயராவது வேண்டும். நாரா வரையும் பிள்ளை யாருடைய பிள்ளையும் இல்லை, பெரும்பாலும் அவரே.

அப்புறம், எல்லோரும் கோடுகளையே பேசுகிறீர்கள். கோடு சுலபம், கண் இரண்டு நொடியில் பிடித்துக்கொள்ளும்; இந்தப் படங்கள் முதல் பார்வையிலேயே எல்லோருக்கும் பிடித்துப்போவது அதனால்தான். ஆனால் ஆளை நிறுத்திவைப்பது வண்ணம். 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு சிறிது காலம் அவரால் வரைய முடியவில்லை. களிமண்ணில் கைவைத்தார். திரும்பி வந்தபோது முறைப்பு தணிந்திருந்தது. அடுத்த ஆண்டு வரைந்த 'வசந்தக்குமாரி' படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள் (பெயர் என் தமிழாக்கம், சண்டைக்கு வரவேண்டாம்). முகத்தில் ஒரே நிறம் என்று நினைத்த இடத்தில் மெல்லிய வண்ணம் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். கண்ணுக்குள் பல நிறம் மினுங்கும். இதைக் கார்ட்டூன் என்ற சொல் தொடவே தொடாது.

தி. எழுதியது:

ச. சொன்னதைப் படித்தபிறகு ஒன்று தோன்றுது. கோ.வே. ஐயா எடுத்துத் தந்த அதே தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் (உணர்ச்சிகளைச் சொல்லும் பகுதி) வெகுளியும் இருக்கு. அங்கே வெகுளி என்றால் கோபம். இன்றைக்கு 'அவள் ஒரு வெகுளி' என்றால் சூதுவாது தெரியாதவள். ஒரே சொல்லுக்குள் கோபமும் கள்ளமில்லாத்தனமும். நாராவின் பிள்ளையும் அதுதானே? 'வெகுளிமுகம்' என்று சொன்னால் என்ன? பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும், புலவருக்கும் விளங்கும், ஆளுக்கொரு விதமாக.

கோ.வே. எழுதியது:

ஆளுக்கொரு விதமாக விளங்குவது கவிதைக்கு அழகு, கலைச்சொல்லுக்குக் கேடு. 'வெகுளாமை' என்று ஓர் அதிகாரமே இருக்க, வெகுளி என்பதை அப்பாவி என்று கொள்வது பிற்காலத் திரிபு. திரிபின்மேல் கட்டடம் எழுப்பவேண்டாம்.

இரா. எழுதியது:

எனக்கு வெகுளிமுகம் மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் அது நாராவின் பெயர், வகையின் பெயர் இல்லை. அடுத்த பக்கத்தில் அமெரிக்க ஓவியர் காஸ் வருவார் என்று நினைக்கிறேன். டிவி கார்ட்டூன் சிம்ப்சன்ஸ் குடும்பத்தையே எடுத்துக் கண்ணில் பெருக்கல்குறி போட்டவர். அந்த முகத்தில் கோபமும் கிடையாது, கள்ளமில்லாத்தனமும் கிடையாது. அதற்கடுத்து இன்னொரு அமெரிக்க ஓவியர் ஜார்ஜ் காண்டோ: பழைய ஐரோப்பிய உருவப்படத்தின் உடலில் கோரைப்பல்லும் பிதுங்கிய கண்ணும் கொண்ட கார்ட்டூன் முகம். அவரிடம் எள்ளல் நிறையவே உண்டு. மூவரையும் ஒரே கூரையின்கீழ் நிறுத்த என்ன சொல்? மாணவர்கள் இன்னொன்றும் கேட்பார்கள் பாருங்கள். 2019 ஹாங்காங் ஏலங்களில் காஸின் படம் 11 கோடி ஹாங்காங் டாலரைத் தாண்டியது. அந்தக் கத்திச் சிறுமி 19 கோடியைத் தாண்டினாள். விளையாட்டுப் படத்துக்கு இவ்வளவா என்று கேட்டால் நம் சொல் அங்கே உதவாது.

ச. எழுதியது:

விலையை வைத்து ஓவியத்தைப் பேசவேண்டாமே. அணு எதிர்ப்பு ஊர்வலத்தில் 2012இல் சனங்கள் ஏந்திப்போன நாரா படம் வெறும் அச்சுத்தாள்தான். அதே முறைப்பு அங்கேயும் வேலை செய்தது.

ம.செ. எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அச்சகத்தார் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். வகையின் பெயராகக் 'கார்ட்டூன் சாயல் உருவப்படம்' என்றே போகிறது. 'பாணி' போட்டால் ஓர் ஓவியக்குழு என்று நினைத்துவிடுவார்கள். 'சாயல்' என்றால் முகச்சாயலும் சேர்ந்து வரும், கோ.வே. ஐயாவின் றகரமும் வராது. நாரா பகுதிக்கு மட்டும் 'வெகுளிமுகங்கள்' என்று துணைத்தலைப்பு வைத்திருக்கிறேன், இரண்டு பொருளையும் ஒரு வரியில் சொல்லிவிட்டு. கொல்லிப்பாவையை வகுப்பில் வாய்மொழியாகச் சொல்கிறேன், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

தி. எழுதியது:

துணைத்தலைப்பாவது கிடைத்ததே, சந்தோஷம்.

கோ.வே. எழுதியது:

பதிவுக்காக: என் வாக்கு 'பாவைமுக'த்துக்கே. 'சாயல்' என்று வைத்துக்கொண்டு அதற்கு முன்னால் அட்டையை உட்காரவைத்திருக்கிறீர்கள். போகட்டும். காஸ் சுவரில் வரையத் தொடங்கியவர் ஆயிற்றே, குறிப்பில் 'கிராஃபிட்டி' என்பதற்கு என்ன எழுதியிருக்கிறீர்கள்? 'சுவர்க்கிறுக்கல்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.