கேசவானந்த பாரதியா, செண்பகம் துரைராஜனா? ஒரு தீர்ப்பின் எடையை எதை வைத்துப் போடுவது?

கார்முகில்:
உச்ச நீதிமன்ற வரலாற்றில் முதலிடம் கேசவானந்த பாரதி வழக்குக்குத்தான். 1973 ஏப்ரல் 24, 13 நீதிபதிகள், 68 நாள் விசாரணை, 7-6 பெரும்பான்மை. அரசியல் சாசனத்தின் எந்தப் பிரிவையும் நாடாளுமன்றம் திருத்தலாம், ஆனால் அதன் அடிப்படைக் கட்டமைப்பில், அதாவது சாசனத்தின் ஆதாரமான அம்சங்களில், கை வைக்க முடியாது என்ற வரம்பு அங்கேதான் பிறந்தது. அதைவிடப் பெரிய அமர்வு இன்றுவரை உட்கார்ந்ததில்லை. வேறு எந்த வழக்கை இதற்குப் பக்கத்தில் வைப்பீர்கள்?

மணிமிடறு:
செண்பகம் துரைராஜன் வழக்கை வைப்பேன் சார். சென்னை மாகாண வகுப்புவாரி அரசாணைப்படி கல்லூரியில் ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர், கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. 1951 ஏப்ரல் 9-ல் உச்ச நீதிமன்றம் இது 29(2)-க்கு, அதாவது கல்லூரிச் சேர்க்கையை மதம், சாதி பார்த்து மறுக்கக் கூடாது என்ற பிரிவுக்கு, முரண் என்றது. அதே ஆண்டு ஜூன் 18-ல் முதல் சட்டத்திருத்தம் அமலுக்கு வந்து, பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசை அனுமதிக்கும் 15(4) சேர்ந்தது. நாட்டில் கல்வி இடஒதுக்கீடு இன்று நிற்பதற்கு முதல் தூண் அந்த உட்பிரிவு.

நான் பார்ப்பது மூன்று. தீர்ப்புக்கு முதல் நாள் சட்டம் என்னவாக இருந்தது? அரசு அதற்கு என்ன பதில் செய்தது? பிந்தைய அமர்வுகள் அதை எப்படிப் பயன்படுத்தின? நீதிபதிகளின் எண்ணிக்கை இதில் எங்கும் வராது.

கார்முகில்:
பத்தே வாரத்தில் செல்லாமல் போன தீர்ப்பு அது. 15(4) நாடாளுமன்றம் போட்டது. அந்தப் பெருமையை நீதிமன்றத்தின் கணக்கில் எழுத முடியாது.

ஆவணப்பெட்டி:
இரண்டு பேரும் தீர்ப்பு வந்த நாளை வைத்தே பேசுகிறீர்கள். கேசவானந்தாவில் அன்று நடந்ததைப் பாருங்கள். அரசு கொண்டுவந்த 24, 29-வது சாசனத் திருத்தங்கள் செல்லும் என்றார்கள். 25-வதில் ஒரு பகுதி மட்டும் அடிபட்டது. பெரும்பாலும் ஜெயித்தது அரசுதான்! 11 தனித்தனித் தீர்ப்புகள்; பெரும்பான்மைக் கருத்து என்ற சுருக்கத்தில் 9 பேர்தான் கையெழுத்திட்டார்கள், 4 பேர் மறுத்தார்கள். இரு தரப்புக்கும் நடுவில் நின்று முடிவைத் தீர்மானித்தது நீதிபதி எச்.ஆர். கன்னாவின் தீர்ப்பு. அதைத் தனியாகப் படிக்காமல் இந்த வழக்கு எதை முடிவு செய்தது என்று சொல்லவே முடியாது.

அதற்கு எடை வந்தது பிறகு. 1975 நவம்பரில் இந்திரா காந்தி தேர்தல் வழக்கில், பிரதமரின் தேர்தலை நீதிமன்றத்துக்கு எட்டாமல் வைத்த 329ஏ(4)-ஐ ரத்து செய்ய அதைப் பயன்படுத்தினார்கள். அதே மாதம் கேசவானந்தாவையே மறுஆய்வு செய்வதற்காகக் கூடிய 13 பேர் அமர்வு இரண்டு நாளில் கலைந்தது. 1980-ல் மினர்வா மில்ஸ் வழக்கிலும் அதே அடிப்படைக் கட்டமைப்பு வாதம்தான். இந்த மூன்றும் இல்லையென்றால் கேசவானந்தா வெறும் பருமனான புத்தகம்.

இன்னொன்று. முக்கியமான தீர்ப்பு சரியான தீர்ப்பாக இருக்க வேண்டியதில்லை. 1976 ஜபல்பூர் வழக்கில் நெருக்கடி நிலையில் ஆட்கொணர்வு மனுவே போட முடியாது என்று 4-1 பெரும்பான்மையில் சொன்னார்கள். 1978-ல் 44-வது திருத்தம், உயிர், தனிமனித சுதந்திரம் போன்ற உரிமைகளைத் தரும் 20, 21 பிரிவுகளை நெருக்கடி நிலையிலும் நிறுத்த முடியாதபடி காப்பாற்றியது. 2017-ல் 9 பேர் அமர்வு, அந்தரங்க உரிமை வழக்கில், ஜபல்பூர் தீர்ப்பையே நிராகரித்தது. ஜபல்பூர் வழக்கில் கன்னா எழுதிய ஒற்றை மாறுபட்ட தீர்ப்புதான் கடைசியில் சட்டமானது.

மணிமிடறு:
என் மூன்றாவது கேள்வியைத்தான் நீங்களும் கேட்கிறீர்கள். அப்படியே எஸ்.ஆர். பொம்மை வழக்கையும் (1994) சோதியுங்கள். ஆறு மாநில ஆட்சிக் கலைப்புகளில் கர்நாடகம், மேகாலயா, நாகாலாந்து தவறு என்றார்கள். ஆனால் ஒருவருக்கும் ஆட்சி திரும்பக் கிடைக்கவில்லை. பெரும்பான்மையைச் சட்டமன்றத்தில்தான் நிரூபிக்க வேண்டும், ஆளுநர் மாளிகையில் அல்ல என்ற விதி மட்டும் நிலைத்தது. அதன் பலத்தில் 2016-ல் உத்தராகண்டில் ஆட்சியே திரும்பி வந்தது.

கார்முகில்:
சரி, உங்கள் சோதனையை உங்கள் ஊர் விஷயத்துக்கே போடுகிறேன். இந்திரா சஹானி தீர்ப்பு இடஒதுக்கீட்டுக்கு வைத்த 50% உச்சவரம்பைத் தாண்டிய தமிழ்நாட்டின் 69% சட்டத்தை, நீதிமன்றச் சோதனையிலிருந்து சட்டங்களைக் காக்கும் ஒன்பதாவது அட்டவணையில் 1994-ல் 76-வது திருத்தம் வைத்தது. 2007-ல் கோயலோ வழக்கு என்ன சொன்னது? 24.4.1973-க்குப் பிறகு அந்த அட்டவணையில் ஏறிய எந்தச் சட்டத்தையும் அடிப்படைக் கட்டமைப்பை வைத்துச் சோதிக்கலாம். கேசவானந்தா வந்த தேதியே எல்லைக்கோடு. செண்பகம் தொடங்கிவைத்த விவகாரத்தின் கடைசிக் கதவும் அங்கேதான் இருக்கிறது.

அமர்வின் அளவு வேண்டாம் என்பதையும் ஏற்க மாட்டேன். சாசன விளக்கம் சார்ந்த கணிசமான கேள்விக்குக் குறைந்தது 5 பேர் வேண்டும் என்று 145(3) காரணமில்லாமல் சொல்லவில்லை. 2025 ஏப்ரல் 8-ல் தமிழ்நாட்டின் 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகக் கருதி, மசோதாக்கள் மீது முடிவெடுக்க ஆளுநருக்குக் காலக்கெடு வைத்தது 2 பேர் அமர்வு. நவம்பர் 20-ல் குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் தந்த 5 பேர் அமர்வு, நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் தந்ததாகக் கருதவும் முடியாது என்றது. எட்டு மாதம்கூடத் தாங்கவில்லை.

மணிமிடறு:
அது, குடியரசுத் தலைவர் நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்க வழிசெய்யும் 143-வது பிரிவின் கீழ் சொன்ன ஆலோசனைக் கருத்து; ஏப்ரல் தீர்ப்பின் மீதான மேல்முறையீடு அல்ல. அந்த 10 மசோதாக்களும் சட்டமாகி அரசிதழில் ஏறிவிட்டன. காலக்கெடு போனாலும், காரணமில்லாமல் நீண்ட நாள் கிடப்பில் போட்டால் முடிவெடுக்கச் சொல்லி வரம்புக்குட்பட்டு உத்தரவிடலாம் என்பதை அந்த 5 பேரும் விட்டுவைத்திருக்கிறார்கள். அடுத்த மசோதா கிடப்பில் விழும்போது வழக்கறிஞர்கள் எந்தப் பத்தியைப் பிடிக்கிறார்கள் என்று பாருங்கள்.