முள்ளந்தண்டில அடி எண்டு சந்தேகம் வந்தா பலகையில கட்டுறது இப்ப இல்லையாமே?

உப்புவெளி_தம்பி:
வணக்கம். எங்கட விளையாட்டுக் கழகத்தில வாற மாசம் பெடியளுக்கு முதலுதவி வகுப்பு வைக்கப் போறம். எங்களுக்கு முந்திப் படிப்பிச்சது என்னெண்டா, ஆர் மரத்தால விழுந்தாலும் ஆர் மோட்டசைக்கிள்ல அடிபட்டாலும் முதல் கழுத்துக்குக் கொலர், பிறகு நீட்டுப் பலகை, நெத்தியில இருந்து கால் வரைக்கும் பட்டி போட்டு இறுக்கு, ஆள் எழும்பி நடந்து திரிஞ்சாலும் பிடிச்சுப் படுக்க வைச்சுக் கட்டு. இப்ப இங்கிலாந்தில அம்புலன்சில வேலை செய்யிற மச்சான் சொல்லுறான் அதை விட்டுட்டாங்களாம், சில பேரைக் காருக்குள்ள இருந்து தானா இறங்கி வரச் சொல்லுறாங்களாம். கழகத்துக்குப் பலகை ஒண்டு அடிக்கத் தச்சரிட்டயும் சொல்லியாச்சு. பெடியளுக்கு நான் எதைச் சொல்லிக் குடுக்கிறது? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ, பிழையாச் சொல்லிக் குடுத்து ஒருத்தன்ர கால் போயிடக் கூடாது.

அவசரப்பிரிவு_மிஸ்:
தம்பி, மச்சான் சொன்னது சரி. ஆனா கவனமா இருக்கிறதை ஒருத்தரும் விடேல்ல, கட்டுற விதம்தான் மாறினது. பலகை ஆளைத் தூக்கி மாத்துறதுக்கான சாமான், அதில கிடத்தி வைச்சிருக்கிறதுக்கில்லை. ஒரு காயமும் இல்லாத ஆளையே அதில படுக்க வைச்சா கொஞ்ச நேரத்தில பின்தலையும் இடுப்பும் குதிக்காலும் நோகத் தொடங்கும். அப்ப உண்மையாவே முண்ணாண், அதான் முள்ளந்தண்டுக்குள்ள ஓடுற நரம்பு வடம், அடிபட்டு உணர்ச்சி இல்லாமக் கிடக்கிறவருக்கு? நோகுதெண்டு சொல்லவும் மாட்டார், திரும்பவும் மாட்டார், தோல் அழுகத் தொடங்கினது பிறகுதான் தெரியும். இங்க திருகோணமலையில இருந்து கொழும்புக்கு மாத்தினா 250 கிலோமீற்றருக்கு மேல ஓட்டம், அவ்வளவு நேரம் பலகையில கிடந்தா என்ன ஆகும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. படுக்கைப் புண் ஒண்டு வந்தா மாசக் கணக்கில ஆறாது, கால் வராட்டியும் பரவாயில்லை இந்தப் புண் ஆறினாப் போதும் எண்டு அழுத ஆக்களை நான் பாத்திருக்கிறன்.

கொலரும் அப்பிடித்தான். இறுக்கிப் போட்டா கழுத்து ரத்தக் குழாயில ரத்தம் திரும்பி இறங்கிறது குறைஞ்சு தலைக்குள்ள அழுத்தம் கூடும், தலையிலயும் அடிபட்ட ஆளுக்கு அது கூடாது. வாந்தி வந்தா வாயைத் துறக்கிறதும் கஷ்டம். 2015இலயே முதலுதவிக்காரர் வழமையாக் கொலர் போடத் தேவையில்லை எண்டு சர்வதேச வழிகாட்டலில சொல்லியாச்சு. பயிற்சி எடுத்த அம்புலன்ஸ் ஆக்கள் தேவையைப் பாத்துப் போடுவினம், அது வேற.

ஒஸ்லோ_அண்ணை:
நான் நோர்வேயில இந்த வேலைதான் செய்யிறன். இது எங்க இருந்து துவங்கினது எண்டு பெடியளுக்குச் சொல்லுங்கோ, அப்பதான் நம்புவாங்கள். 1998இல ஒரு ஆய்வு வந்தது. அமெரிக்காவில நியூ மெக்சிகோவில கட்டிக் கொண்டுவந்த 334 பேரையும் கோலாலம்பூரில கட்டாமக் கொண்டுவந்த 120 பேரையும் வைச்சுப் பாத்தா, நரம்புப் பாதிப்புக் குறைஞ்சது மலேசியாவில. அதை வைச்சு மட்டும் முடிவெடுக்கேலாது, ரெண்டு ஊரிலயும் விபத்துகள் ஒரே மாதிரி இல்லை, வழியில செத்தவையின்ர கணக்கு அதில இல்லை. ஆனா அதுக்குப் பிறகுதான் கட்டுறதால உண்மையா நன்மை இருக்கோ எண்டு எல்லாரும் பலமாக் கேக்கத் தொடங்கினது.

பிறகு 2000இல 34,069 பேரைப் பாத்து ஒரு விதி உறுதியாச்சு: கழுத்து நடு எலும்பில நோ இல்லை, கைகால் மரப்பு பலவீனம் இல்லை, நல்ல நினைவு, குடிவெறியில இல்லை, கவனத்தைத் திருப்புற வேற பெரிய காயமும் இல்லை எண்டா கழுத்துக்கு எக்ஸ்ரேயே தேவையில்லை. நோர்வேயில 2017இல வந்த வழிகாட்டலில, நினைவில்லாத ஆளை மல்லாக்கக் கிடத்தாம தலை முதுகு நேரா வைச்சுப் பக்கவாட்டில கொண்டுபோகலாம் எண்டு இருக்கு, மூச்சடைச்சுப் போறதுதான் முதல் ஆபத்து. கார் விஷயமும் உண்மை. உடம்பில சென்சர் பூட்டிப் பாத்திருக்கினம், நாலு பேர் சேந்து இழுக்கேக்க ஆடுறதை விட, நினைவோட இருக்கிற ஆள் சொல்லுக் கேட்டு மெதுவாத் தானா இறங்கேக்க கழுத்துக் குறைய ஆடுது.

கிண்ணியா_ஓட்டோ:
நீங்கல்லாம் ஆஸ்பத்திரிக் கதை கதைக்கிறீங்க. ரோட்டுல நடக்கிறது வேற. ஆள் விழுந்ததும் நாலு பேர் ஓடி வந்து ரெண்டு பேர் கையைப் பிடிச்சி ரெண்டு பேர் காலைப் பிடிச்சி ஓட்டோவுக்குள்ள மடக்கி ஏத்துவாங்க, தலை ஒரு பக்கம் தொங்கும். எத்தினை தரம் பாத்தாச்சி. பலகையும் வேணாம் கொலரும் வேணாம்னு சொன்னா சனம் இன்னும் மோசமாத்தான் தூக்கும், அதையும் யோசிங்க.

அவசரப்பிரிவு_மிஸ்:
நானா, நீங்க சொன்னதுதான் வகுப்பில முதல் பாடமா இருக்க வேணும். எங்கட பக்கம் கட்டினதால வாற கேட்டை விட மடக்கித் தூக்கினதால வாற கேடுதான் கூட. தம்பி, பெடியளுக்கு இதைச் சொல்லுங்கோ: நெருப்போ வாகனமோ தண்ணியோ ஆபத்து இல்லாட்டி ஆளை அசைக்கவே வேண்டாம், 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ, காசில்லை. ஒருத்தர் தலைமாட்டில முழங்கால் போட்டு ரெண்டு கையாலயும் தலையைக் கிடந்தபடியே பிடிச்சுக்கொண்டு, அசையாதேங்கோ எண்டு கதைச்சுக்கொண்டே இருக்கட்டும். கழுத்தை நேராக்க இழுக்கக் கூடாது. மூச்சு நல்லா இருந்தா ஹெல்மெட்டைக் கழட்டாதேங்கோ. தண்ணி பருக்காதேங்கோ. வாந்தி வந்தா எல்லாரும் ஒரே நேரத்தில தலை தோள் இடுப்புச் சேத்துப் பக்கமாத் திருப்புங்கோ. இதை ஒருவருக்கொருவர் படுத்துச் செய்து பழக்குங்கோ, பேச்சில வராது.

இன்னொண்டு, கிணத்தடியில வழுக்கி விழுந்த அம்மம்மாவை லேசா நினைக்கக் கூடாது. 65க்கு மேல எலும்பு பலவீனம், சின்ன விழுகைக்கே கழுத்தெலும்பு உடையலாம், நோ பெரிசா இல்லாட்டியும் காட்ட வேணும்.

உப்புவெளி_தம்பி:
எல்லாருக்கும் நன்றி. தச்சரிட்ட வேண்டாம் எண்டு சொல்லிட்டன். கடைசியா ஒண்டு, எங்கட பெடியள் கடல்ல தலைகீழாப் பாயிறவங்கள், ஆழமில்லாத இடத்தில தலை அடிபட்டா?

ஒஸ்லோ_அண்ணை:
நல்ல கேள்வி, இளம் ஆக்களுக்குக் கழுத்து முறியிறதில அது முக்கியமான காரணம். குப்புற மிதந்தா உடனே முகம் மேல வாற மாதிரித் திருப்புங்கோ, தலையும் உடம்பும் ஒண்டாத் திரும்ப வேணும். மூச்சு இருந்தா மிதக்க விட்டபடி தலையைத் தாங்கிக்கொண்டு ஆள் சேர்க்கலாம், தண்ணியே பாரத்தைத் தாங்கும். மூச்சு இல்லாட்டிக் கழுத்தைப் பாத்துக்கொண்டு நிக்காதேங்கோ, உடனே கரைக்குக் கொண்டுவந்து மூச்சுக் குடுங்கோ, நெஞ்சை அமத்துங்கோ. பாய முதல் இறங்கி நடந்து ஆழம் பாக்கச் சொல்லுங்கோ, போன கிழமை ஆழமா இருந்த இடத்தில இண்டைக்கு மணல் மேடு இருக்கும்.