மாற்றல் உத்தரவும் சிறப்புக் குழந்தையின் படிப்புச் செலவும்: ராணுவக் குடும்பங்களின் அனுபவங்கள்

ஹவில்தாரின் மனைவி, வேலூர் மாவட்டம்

எங்கள் மகனுக்கு வயது பதினொன்று. ஆட்டிசம் உள்ள குழந்தை. கணவர் ராணுவத்தில் ஹவில்தாராக இருக்கிறார். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருக்கும் ஊர்கள் உண்டு. அந்த வீடுகளில் இப்படிப்பட்ட குழந்தைகளும் இருக்கிறார்கள். அவர்கள் படிப்புக்கு அரசிடமிருந்து என்ன வரும், எப்போது வரும் என்று பலருக்குத் தெரிவதில்லை. நகையை அடகு வைத்துத் தெரபிக்குக் கட்டுகிறார்கள். அதனால்தான் எங்களுக்கு நடந்ததை எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள்.

முதலில் கல்விப்படி, அதாவது பிள்ளையின் படிப்புக்காக அரசு தரும் தொகை. மத்திய அரசு ஊழியர்களுக்குக் கிடைப்பது போலவே படைவீரர்களுக்கும் உண்டு. மாற்றுத்திறனாளிக் குழந்தை என்றால் இரட்டிப்பு. 2017 ஜூலையிலிருந்து மாதம் 4,500 ரூபாயாக இருந்தது. அகவிலைப்படி 50 சதவீதத்தை எட்டியதும் 2024 ஜனவரி முதல் 5,625 ஆனது. ஆண்டுக்கு 67,500 ரூபாய். எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய தொகை. ஆனால் நிதியாண்டு முடிந்த பிறகு மனுப் போட்டு, ஒரே தவணையாகத்தான் கைக்கு வரும். பேச்சுப் பயிற்சிக்கும், அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிக்கும் வாரா வாரம் பணம் எடுத்து வைக்க வேண்டும். ஏப்ரலில் தொடங்கும் செலவுக்கு அடுத்த ஆண்டு ஏப்ரலுக்குப் பிறகு பணம் வந்தால், நடுவில் வட்டிக்கு வாங்குவதைத் தவிர வேறு வழி ஏது?

இன்னொன்றும் உண்டு. இந்தப் படி பள்ளிக்கானது. அங்கீகாரம் பெற்ற பள்ளியில் குழந்தை சேர்ந்திருக்க வேண்டும். தெரபி மையம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது பள்ளி ஆகாது. கணவர் செகந்திராபாத்தில் இருந்தபோது இந்தச் சிக்கல் எழவில்லை. அங்கே ராணுவத்தினரின் மனைவியர் நலச்சங்கம் சிறப்புக் குழந்தைகளுக்காக நடத்தும் ஆஷா பள்ளி இருக்கிறது. பிள்ளை அங்கேதான் தானாகச் சாப்பிடவும், காலணி மாட்டவும், படத்தைக் காட்டித் தண்ணீர் கேட்கவும் பழகினான். அந்த ஆசிரியைகளை நான் மறக்க மாட்டேன்.

பிறகு கணவருக்கு ஃபீல்டு போஸ்டிங் வந்தது. குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. நான் ஊருக்கு வந்தேன். இங்கே அருகில் இருந்தது ஒரு தனியார் மையம். கட்டணம் பல மடங்கு. பள்ளி அங்கீகாரம் இல்லாததால் கல்விப்படிக்கு மனுப் போட முடியவில்லை. எல்லாவற்றையும்விட வலித்தது வேறு. பழைய மதிப்பீட்டு அறிக்கையை அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. புதிதாக மதிப்பீடு, அதற்குத் தனிக்கட்டணம், பிறகு ஆரம்பத்திலிருந்து பயிற்சி. இரண்டு ஆண்டுகளாக "பானி" என்று சொல்லக் கற்றவனுக்கு இங்கே "தண்ணீர்" என்று கற்றுக்கொடுத்தார்கள். அவன் இரண்டையும் விட்டுவிட்டுப் பல மாதங்கள் பேசவே இல்லை. அந்த மாதங்களுக்கு எந்தப் படியும் ஈடு கட்டாது.

அடுத்த மாற்றலில் அங்கீகாரம் பெற்ற சிறப்புப் பள்ளி கிடைத்தது. அலுவலகத்தில் ஒவ்வொரு மாதக் கட்டண ரசீதையும் கேட்டார்கள். மத்திய அரசின் 2018 ஜூலை உத்தரவுப்படி, குழந்தை அந்த ஆண்டு படித்தது என்று பள்ளித் தலைவர் தரும் சான்றே போதும். செலவு எவ்வளவானாலும் தொகை மாறாது. உத்தரவின் நகலைக் கொண்டுபோய்க் காட்டிய பிறகுதான் மனு நகர்ந்தது. நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றல் ராணுவத்தின் தேவைக்காக நடக்கிறது. அதை யாரும் குறை சொல்லவில்லை. அதனால் குழந்தைக்கு ஏற்படும் செலவைக் குடும்பம் மட்டும் சுமப்பது நியாயமா? புதிய ஊரில் மதிப்பீட்டுச் செலவு தனியாகத் தரப்பட வேண்டும். படி மாதா மாதம் வர வேண்டும். இதைத்தான் நான் கேட்கிறேன்.

கடற்படை வீரரின் மனைவி, விசாகப்பட்டினம்

அக்கா எழுதியதைப் படித்துக் கண் கலங்கிவிட்டது. எங்கள் மகளுக்கு டவுன் சிண்ட்ரோம். கடற்படைக் குடும்பங்களின் சிறப்புக் குழந்தைகளுக்காக நடக்கும் சங்கல்ப் பள்ளியில் படிக்கிறாள். கணவர் கப்பலில் போய்விட்டால் எப்போது திரும்புவார் என்று சொல்ல முடியாது. அந்த நாட்களில் அந்தப் பள்ளிதான் எனக்குத் துணை.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். நலச்சங்கப் பள்ளிகள் பெரும்பாலும் நலநிதியையும் நன்கொடையையும் நம்பி ஓடுகின்றன. விழா நடத்துகிறோம், பிள்ளைகள் செய்த மெழுகுவர்த்தி விற்கிறோம், மனைவிமார் கூடி உழைக்கிறோம். அந்த உழைப்பில் எனக்குப் பெருமை உண்டு. அதற்காக ஒரு குழந்தையின் பிசியோதெரபி, இந்த ஆண்டுக் கண்காட்சியில் எவ்வளவு விற்றது என்பதைப் பொறுத்து இருக்கலாமா? சிறப்பாசிரியர் ஊதியம் நாட்டின் பாதுகாப்புச் செலவுக்குள்ளேயே ஒதுக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சிறப்பாசிரியை, செங்கல்பட்டு

நான் ராணுவக் குடும்பம் அல்ல. அப்படிப்பட்ட குழந்தைகளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். மாற்றல் வருகிறது என்று தெரிந்ததும் பள்ளியிடம் தனிக் கல்வித் திட்டத்தை எழுத்தில் கேளுங்கள். எதை முடித்தான், எதில் நிற்கிறான், எப்படிச் சொன்னால் கேட்பான், என்ன சத்தத்துக்குப் பயப்படுவான் என எல்லாம் அதில் இருக்க வேண்டும். முட்டுக்காட்டில் உள்ள பன்முக மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் போன்ற அரசு நிறுவனத்தின் மதிப்பீடு கையில் இருந்தால் அதைப் பொதுவாக எங்கும் மதிப்பார்கள்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. அருகிலுள்ள பள்ளியோ விரும்பிய சிறப்புப் பள்ளியோ, தேர்வு குழந்தையுடையது. பள்ளியில் இடம் இல்லை என்று வாயால் சொன்னால் எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற சுபேதார், திருவண்ணாமலை

தங்கை, படியைப் பற்றி நன்றாக எழுதினீர்கள். நான் 18 வயதுக்குப் பிறகானதைச் சொல்கிறேன். என் மகளுக்கு மூளை முடக்குவாதம். இப்போது அவளுக்கு முப்பதை நெருங்குகிறது.

பணியில் இருக்கும்போதே குழந்தையின் குறைபாட்டைப் பார்ட் டூ ஆர்டரில், அதாவது வீரரின் குடும்ப விவரங்களைப் பதியும் ராணுவ உத்தரவில், ஏற்ற வேண்டும். ஓய்வு பெறும்போது ஓய்வூதிய உத்தரவிலும் பெயர் இருக்க வேண்டும். தானாகச் சம்பாதிக்க முடியாத பிள்ளைக்குப் பெற்றோருக்குப் பிறகு வாழ்நாள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. முன்பு இதற்குப் பிள்ளையின் வருமான வரம்பு மிகக் குறைவாக இருந்தது. 2021இல் அதைத் தளர்த்தி, பெற்றோரின் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதத்தை அடிப்படையாக வைத்தார்கள். என்னுடன் பணியாற்றிய ஒருவர் இதை எழுதி வைக்காமல் இறந்துவிட்டார். அவருடைய மனைவியும் காலமான பிறகு, அந்தப் பையனுக்காக அவனுடைய சித்தப்பா, வீரர்களின் பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீசுக்கும் வங்கிக்கும் நடந்த நடை கொஞ்சமல்ல. பணம் இருந்தது, உரிமையும் இருந்தது, காகிதம் மட்டும் இல்லை.

18 வயதானதும் சட்டப்படியான பாதுகாவலர் சான்று வாங்குங்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பன்முகக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுதான் தருகிறது. அதே அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும். தெரபிக்கும் அதில் பங்கு உண்டு. முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தில் மற்ற மகன்களுக்கு 25 வயதோடு முடிந்துவிடும். குறைபாடு உள்ள பிள்ளைக்கு அந்த வரம்பு கிடையாது. அட்டையைப் புதுப்பிக்கும்போது குறைபாட்டுச் சான்றையும் சேர்த்துக் கொடுங்கள்.

ஹவில்தாரின் மனைவி, வேலூர் மாவட்டம்

சுபேதார் ஐயா, மிக்க நன்றி. பார்ட் டூ ஆர்டரில் மகனின் பிறப்பு ஏறியிருக்கிறது, குறைபாடு ஏறியதா என்று கணவரைக் கேட்டிருக்கிறேன். விசாகப்பட்டினத்துத் தங்கைக்கு ஒரு கேள்வி: உங்கள் பள்ளியில் மகளுக்கு எந்த மொழியில் கற்றுக்கொடுக்கிறார்கள்? வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்தச் சொன்னார்களா? எங்களிடம் ஓரிடத்தில் அப்படிச் சொன்னார்கள். நான் நிறுத்தவில்லை.