ரசிகர் வீடியோவுக்குப் போலி பதிப்புரிமை நோட்டீஸ், சேனலில் ஸ்ட்ரைக். என்ன செய்யலாம்?

இரவுப்பறவை:
நண்பர்களே, ஒரு உதவி. ஒரு வீடியோ விளையாட்டின் காட்சிகளை வெட்டி, இசைக்கு ஏற்றபடி கோர்த்து ரசிகர் வீடியோ போடுபவன் நான். விளம்பர வருமானம் கிடையாது. திடீரென்று இரண்டு வீடியோக்கள் காணாமல் போய், சேனலில் ஸ்ட்ரைக் (பதிப்புரிமை மீறல் எச்சரிக்கை) விழுந்திருக்கிறது. முதல் வீடியோவில் ஒலிப்பது அந்த விளையாட்டின் சொந்தப் பின்னணி இசை. இரண்டாவதில் விளையாட்டுக்குச் சம்பந்தமில்லாத ஒரு பாப் பாடல்.

நோட்டீஸ் அனுப்பியவர் விளையாட்டு நிறுவனத்தின் பெயரைச் சொல்கிறார். ஆனால் மின்னஞ்சல் முகவரியைப் பார்த்தால் சாதாரண ஜிமெயில். அந்த நிறுவனமோ, காசு பார்க்காத ரசிகர் வீடியோக்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று தன் தளத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. வீடியோக்களை நானே அழித்துவிட்டால் ஸ்ட்ரைக் போய்விடுமா? இல்லை, வீடியோவை எடுத்தது தவறு என்று உடனே கவுண்டர் நோட்டீஸ் (எதிர் நோட்டீஸ்) போட்டுவிடவா?

தீப்பொறி:
யோசிக்கவே வேண்டாம், இரண்டுக்கும் கவுண்டர் போடுங்கள். இவர்களுக்குப் பயந்தால் தலையில் ஏறி உட்காருவார்கள். அடுத்த முறை பாடலை 30 விநாடிக்குள் வெட்டிவிடுங்கள், அப்புறம் யாரும் வாய் திறக்க முடியாது.

பழைய எடிட்டர்:
30 விநாடிக் கணக்கு எந்தச் சட்டத்திலும் இல்லை. வீடியோவுக்குக் கீழே ‘உரிமை மீறும் நோக்கம் இல்லை’ என்று எழுதுவதும் அதே ரகம்தான். இந்த இரண்டு கதைகளும் எப்படித்தான் சாகாமல் இருக்கின்றனவோ.

இரவுப்பறவை, எதையும் அழிக்காதீர்கள். நீங்கள் எந்தத் தளம் என்று சொல்லவில்லை, பெரும்பாலோர் இருக்கும் யூடியூப் விதிகளை வைத்துச் சொல்கிறேன். அங்கே வீடியோவை அழித்தாலும் ஸ்ட்ரைக் அப்படியே இருக்கும். அவர்களின் பதிப்புரிமைப் பாடத்தை முடித்துவிட்டு 90 நாள் பொறுத்திருக்கலாம், அனுப்பியவரே நோட்டீஸைத் திரும்பப் பெறலாம், இல்லையென்றால் கவுண்டர் நோட்டீஸ். வழக்கமான வழிகள் இவைதான். 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் சேர்ந்தால் சேனலையே மூடிவிடுவார்கள், ஆகவே இது முடியும்வரை பிரச்சினை வரக்கூடிய எதையும் புதிதாக ஏற்றாதீர்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் நிலைமையில் முதல் கேள்வி ‘என் வீடியோ சரியா’ என்பதல்ல, ‘அனுப்பியவர் யார்’ என்பதுதான். டிஎம்சிஏ என்ற 1998ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்தின் 512ஆம் பிரிவுப்படிதான் இந்த நோட்டீஸ்கள் ஓடுகின்றன. முறையான நோட்டீஸ் வந்ததும் சட்டென்று வீடியோவை எடுத்துவிட்டால் தளத்தின் தலைக்கு ஆபத்தில்லை. எடுக்காமல் ஆராய்ந்துகொண்டிருந்தால்தான் அவர்களுக்குத் தொல்லை. படிவத்தை ஒழுங்காக நிரப்பத் தெரிந்த போலி ஆள் உள்ளே நுழைவது இந்த ஓட்டை வழியாகத்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நோட்டீஸ் அனுப்புபவர் ‘இந்த வீடியோ உரிமை மீறல்’ என்பதை நல்லெண்ணத்தோடு நம்புவதாகச் சொன்னாலே போதும். ஆனால் ‘உரிமையாளர் சார்பில் செயல்பட எனக்கு அதிகாரம் உண்டு’ என்பதைப் பொய் சாட்சிக்கான தண்டனைக்கு உட்பட்டுச் சொல்ல வேண்டும். உங்கள் ஜிமெயில் ஆசாமி போலி என்றால், சட்டம் மிகக் கறாராக இருக்கும் இடத்தில் பார்த்துப் பொய் சொல்லியிருக்கிறார்.

அதனால் அந்த ஜிமெயிலுக்குப் பதில் போட்டு வாதாட வேண்டாம். விளையாட்டு நிறுவனத்தின் தளத்துக்குப் போய், அங்கே இருக்கும் உதவிப் படிவம் வழியாக எழுதுங்கள். வீடியோ இணைப்பு, நோட்டீஸின் முழு வாசகம், அனுப்பியவர் பெயர், முகவரி எல்லாவற்றையும் வையுங்கள். ‘இவர் உங்கள் ஆளா? இல்லையென்றால் அதை நீங்களே தளத்துக்குத் தெரிவிக்க முடியுமா?’ இவ்வளவுதான் கேள்வி. ரசிகர்களின் உழைப்பு பற்றியெல்லாம் உருகி எழுதினால் அந்தக் கடிதம் வேறு பிரிவுக்குப் போய்த் தூங்கும்.

பாப் பாடல் வீடியோ வேறு கதை. நிறுவனத்தின் ரசிகர் கொள்கை அதன் காட்சிகளுக்கும் அதன் இசைக்கும்தான் பொருந்தும். பாடலின் உரிமை இசை நிறுவனத்திடம் இருக்கும், அதை இவர்கள் தானம் பண்ண முடியாது. நோட்டீஸ் போலி என்பதாலேயே உங்கள் பாடல் பயன்பாடு சரியாகிவிடாது. முழுப் பாடலையும் அப்படியே ஓடவிட்டு, மேலே காட்சிகளை அடுக்கியிருந்தால் நியாயமான பயன்பாடு (அனுமதி இல்லாமலே சட்டம் ஏற்கும் உபயோகம்) என்று வாதாடுவது கஷ்டம். அதற்குக் கவுண்டர் போட்டால், தூங்குகிற உண்மையான உரிமையாளரை நீங்களே எழுப்பிவிட்ட மாதிரி ஆகலாம். இப்போதைக்கு முதல் வீடியோவை மட்டும் பாருங்கள்.

இரவுப்பறவை:
மிக்க நன்றி அண்ணா. நிறுவனத்துக்கு எழுதிவிட்டேன். அவர்கள் பதிலே போடவில்லை என்றால்? கவுண்டர் போட்டால் வீட்டு முகவரி அந்த ஆளுக்குப் போகும் என்கிறார்களே, நிஜமா?

சட்டப்புழு:
நிஜம்தான். கவுண்டர் நோட்டீஸில் உங்கள் சொந்தப் பெயர், முகவரி, தொலைபேசி எண், கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும். அது முழுதாக எதிராளிக்குப் போகும். வீடியோ தவறுதலாகவோ தவறாக அடையாளம் காணப்பட்டோ எடுக்கப்பட்டது என்று பொய் சாட்சித் தண்டனைக்கு உட்பட்டுச் சொல்கிறீர்கள், அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றத்தின் அதிகாரத்தையும் ஏற்கிறீர்கள். நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் இதே வாசகம்தான். வழக்கறிஞர் மூலம் அனுப்பினால் அவருடைய முகவரியைக் கொடுக்கலாம்.

அதன்பிறகு எதிராளி வழக்குப் போட்டதாகக் காட்டாவிட்டால், 10 முதல் 14 வேலை நாளுக்குள் வீடியோவைத் திரும்ப வைக்க வேண்டும் என்கிறது சட்டம். போலி ஆள் வழக்குக்கு வரமாட்டான். சிக்கல் என்னவென்றால், சிலருக்கு முகவரியைப் பிடுங்குவதே நோக்கம். 2019இல் யூடியூப் நிறுவனமே ஒரு ஆள்மீது வழக்குப் போட்டது. மைன்கிராஃப்ட் வீடியோ போடுகிறவர்களுக்குப் பொய் நோட்டீஸ் அனுப்பி ஸ்ட்ரைக் வாங்கிக் கொடுத்துவிட்டு, எடுக்க வேண்டுமா, பணம் கொடு என்று மிரட்டியவன். கவுண்டரில் கிடைத்த முகவரியை வைத்து ஒருவர் வீட்டுக்குப் பொய்ப் புகார் சொல்லிப் போலீஸை அனுப்பியதாகவும் அந்த மனுவில் சந்தேகம் எழுப்பியிருந்தார்கள். கடைசியில் 25,000 டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டு சமரசம் ஆனான். உங்களிடமும் யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், அந்த மெயிலை அப்படியே பத்திரமாக வையுங்கள்.

தீப்பொறி:
அப்போ பொய் நோட்டீஸ் அனுப்பினவனுக்குத் தண்டனையே கிடையாதா? நாம் மட்டும் பம்மிக்கொண்டு இருக்கணுமா?

சட்டப்புழு:
512ஆம் பிரிவிலேயே எஃப் உட்பிரிவு இருக்கிறது. தெரிந்தே பொய் சொல்லி வீடியோவை எடுக்க வைத்தால் நஷ்டஈடு கேட்கலாம். ஆனால் ‘தெரிந்தே’ என்பதை நிரூபிப்பதற்குள் உயிர் போகும். லென்ஸ் என்ற தாய் யுனிவர்சல் இசை நிறுவனத்தின்மீது போட்ட வழக்கைப் பாருங்கள். குழந்தை ஆடுகிற 29 விநாடி வீட்டு வீடியோ, பின்னணியில் பிரின்ஸ் பாடல். 2007இல் நோட்டீஸ் அனுப்பி வீடியோவை நீக்க வைத்தார்கள், கவுண்டர் போட்டதில் சுமார் ஆறு வாரத்தில் வீடியோ திரும்பிவிட்டது. வழக்கு மட்டும் 2018 வரை இழுத்து, சமரசத்தில் முடிந்தது. நடுவில் 2015இல் அமெரிக்காவின் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், நோட்டீஸ் அனுப்பும் முன் நியாயமான பயன்பாட்டை எண்ணிப் பார்த்தாக வேண்டும் என்றது. எண்ணிப் பார்த்து, அது நியாயமான பயன்பாடு அல்ல என்று அனுப்புபவர் மனதார நம்பினால் போதும் என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டது. அங்கேதான் காற்று இறங்கிவிட்டது.

நிழல்வேட்டை:
இரவுப்பறவையின் கதையைக் கேட்டதும் 2022இல் டெஸ்டினி விளையாட்டு ரசிகர்களுக்கு நடந்ததுதான் நினைவுக்கு வருகிறது. அச்சு அசல் இதேதான். அதை உருவாக்கிய பங்கி நிறுவனத்தின் பெயரில் ரசிகர் வீடியோக்களுக்கும் இசைப் பதிவுகளுக்கும் நோட்டீஸ் மழை. ரசிகர்கள் எல்லோரும் நிறுவனத்தைத் திட்டித் தீர்த்தார்கள். பார்த்தால் பங்கியின் சொந்த வீடியோக்களே சில காணாமல் போயிருந்தன!

அப்புறம் நிறுவனம் வழக்குப் போட்டபோதுதான் விவரம் வந்தது. ஒரு சேனல்காரருக்கு முன்பு உண்மையான நோட்டீஸ் வந்திருக்கிறது. அந்தக் கோபத்தில், நிறுவனத்துக்காக நோட்டீஸ் அனுப்பும் முகமையின் பெயர் தெரிகிற மாதிரி ஜிமெயில் கணக்குத் திறந்து, 96 பொய் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார் என்பது குற்றச்சாட்டு. அந்த வழக்கில் நிறுவனம் வென்றது. ஆகவே ஜிமெயில் முகவரி என்பதைக் கடிதத்தில் முதல் வரியிலேயே எழுதுங்கள். அதே விளையாட்டுக்கு வீடியோ போடும் மற்றவர்களையும் விசாரியுங்கள். பல பேருக்கு ஒரே ஆளிடமிருந்து வந்திருந்தால் நிறுவனம் சீக்கிரம் விழித்துக்கொள்ளும், தன் பெயரே கெடுகிறது அல்லவா.

இரவுப்பறவை:
தகவல் சொல்ல வந்தேன். விசாரித்ததில் இன்னும் சிலருக்கும் அதே ஜிமெயிலிலிருந்து வந்திருக்கிறது. எல்லோர் நோட்டீஸையும் சேர்த்து அனுப்பினோம். ‘இந்த முகவரி எங்களுடையது அல்ல, எங்கள் சார்பில் யாரும் இதை அனுப்பவில்லை’ என்று நிறுவனத்திடமிருந்து பதில் வந்தது. அந்தப் பதிலை வைத்துத் தளத்துக்கு எழுதினேன், முதல் வீடியோ திரும்ப வந்துவிட்டது. பாப் பாடல் வீடியோவைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கும் இதே பதில் செல்லுமா?

பழைய எடிட்டர்:
ஸ்ட்ரைக்கை நீக்கச் செல்லும், நோட்டீஸ் ஒரே ஆளுடையது என்பதால். அந்த அளவுக்கு மட்டும் கேளுங்கள். வீடியோ திரும்ப வந்தால், பாடலுக்கு கன்டென்ட் ஐடி கிளெய்ம் வர வாய்ப்பு உண்டு. பதறாதீர்கள். அது கணினி தானாகப் பொருத்திப் பார்த்துப் போடுவது, ஸ்ட்ரைக் ஆகாது. விளம்பர வருமானம் பாடல்காரருக்குப் போகும், அல்லது வீடியோ சில நாடுகளில் தெரியாது. உங்களுக்குத்தான் வருமானம் இல்லையே, விட்டுவிடுங்கள். அதை எதிர்த்து மனு, மேல்முறையீடு என்று போனால் கடைசியில் அவர்கள் டேக்டவுன் (வீடியோவை நீக்கச் சொல்லும் நோட்டீஸ்) அனுப்பலாம். அப்போது வருகிற ஸ்ட்ரைக் நிஜமான உரிமையாளர் கொடுத்ததாக இருக்கும்.

இரவுப்பறவை:
சரி அண்ணா, கிளெய்ம் வந்தால் தொடமாட்டேன். ஸ்ட்ரைக்கை நீக்கச் சொல்லி மட்டும் இப்போதே எழுதுகிறேன்.