பட்டாசுக்கு நடுங்கும் நாய்க்குப் புரோபயோடிக் பொடி கொடுத்தால் பயம் தெளியுமா?

கோத்தகிரி தையற்கடை:

எங்கள் வீட்டு நாய் பூந்தி. நாட்டு நாய், பெண், நான்கு வயது, 16 கிலோ. குட்டியாகப் பேக்கரி வாசலில் கிடந்தவள் என்பதால் இந்தப் பெயர்.

வீட்டின் முன்னறையில்தான் என் தையற்கடை. பின்னால் பீன்ஸ் பாத்தி, அதைத் தாண்டித் தேயிலை, அப்புறம் சோலை. இந்த வருடம் எங்கள் பக்கம் கரடித் தொல்லை அதிகம். விளக்கெண்ணெய்க்காகக் கோயில் கதவைக்கூடப் பெயர்த்துவிட்டது. அதனால் வாரத்தில் மூன்று ராத்திரியாவது பட்டாசு வெடித்து விரட்டுகிறார்கள். முதல் வெடி கேட்டவுடன் பூந்தி ஓடி வந்து என் மெஷினுக்கு அடியில், பெடலுக்கும் சுவருக்கும் நடுவில் நுழைந்துகொள்வாள். அவள் நடுங்குகிற நடுக்கத்தில் இரும்புப் பெடல் கடகடவென்று அடித்துக்கொள்ளும். தைக்க முடியாது. துணியை மடித்து வைத்துவிட்டு அவள் முதுகில் காலை வைத்தபடி உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் கடிகாரத்தைப் பார்த்தேன். வெடி நின்று ஐம்பது நிமிடம் கழித்துத்தான் பெடல் ஓய்ந்தது.

மறுநாள் காலையில் வயிறு கலங்கிவிடும். தண்ணீராகப் போகிறாள், சில நாள் சளி மாதிரி வழவழப்பும் சேர்ந்திருக்கிறது. வெடி இல்லாத வாரத்தில் எந்தத் தொந்தரவும் இல்லை.

மருந்துக்கடையில் இதைச் சொன்னேன். "குடல் சரியானால் பயம் தானாகப் போய்விடும்" என்று ஒரு புரோபயோடிக் பொடியை, அதாவது குடலுக்கு நல்லது செய்யும் கிருமிகள் உள்ள பொடியை, எடுத்துக் கொடுத்தார்கள். டப்பாவில் 30 பொட்டலம். விலை, எட்டு ரவிக்கை தைத்தால் எனக்கு வரும் கூலி. வாங்கிவிட்டேன், ஆனால் இன்னும் பிரிக்கவில்லை. வயிற்றுக்குப் பொடி என்றால் புரிகிறது. வெடிச் சத்தத்துக்குப் பொடி என்பதுதான் புரியவில்லை. யாராவது கொடுத்துப் பார்த்திருக்கிறீர்களா?

உதகைப் பாட்டி:

அம்மாடி, அந்த டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொள். வீட்டுத் தயிரில் இல்லாததா? நாற்பது வருடமாக என் வீட்டு நாய்களுக்கெல்லாம் மதியம் தயிர்ச் சோறுதான். ஒன்றுக்காவது வயிறு கெட்டதில்லை. இந்தக் குளிரில் உறை ஊற்றினால் இரண்டு நாளானாலும் பாலாகவே நிற்கும் என்பாய். பாலை விரல் பொறுக்கும் சூட்டில் உறை ஊற்றி, பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்துவிடு. காலையில் கத்தியால் வெட்டலாம்.

தாளிக்காதே. உப்பும் போடாதே. என் பேரன் வெங்காயப் பச்சடி மிச்சத்தை நாய்த் தட்டில் கொட்டப் போனான், கையைத் தட்டிவிட்டேன். வெங்காயம் நாய்க்கு ஆகாது.

குன்னூர் கால்நடை மருத்துவர்:

பாட்டி சொன்ன வெங்காயம் நூற்றுக்கு நூறு சரி. பூண்டும் அப்படித்தான், இரண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். தயிரும் பெரும்பாலான நாய்களுக்கு ஒத்துக்கொள்ளும். ஆனால் பால் சர்க்கரை செரிக்காத நாய்க்குத் தயிரே கழிச்சலைக் கூட்டிவிடும். பூந்திக்கு முதலில் ஒரு ஸ்பூன் கொடுத்து ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். பயத்துக்கு மருந்தாக மட்டும் தயிரை எண்ண வேண்டாம். வீட்டுத் தயிரில் எந்தக் கிருமி எவ்வளவு இருக்கிறது என்பது உறைக்கு உறை மாறும். குடலில் நிலைத்துத் தங்குவதும் குறைவு.

இப்போது உங்கள் கேள்வி. நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. வெடி முதலில், வயிறு பிறகு. பயத்தில் சுரக்கும் ஹார்மோன்கள் பெருங்குடலை முடுக்கிவிடும். நீர் உறிஞ்சப்படுவதற்குள் மலம் வெளியேறும், குடலின் உட்சுவர் சளியைக் கக்கும். நாய்களை விடுதியில் விட்டுவிட்டு ஊருக்குப் போய் வருகிறவர்கள் பலரும் இந்த வழவழப்பைப் பார்த்திருப்பார்கள்.

எதிர்த் திசையிலும் பாதை உண்டு என்பது பொய்யில்லை. குடலில் இருந்து மூளைத் தண்டுக்கு வேகஸ் என்ற நரம்பு போகிறது. குடல் கிருமிகள் உண்டாக்கும் பொருள்கள் அந்த நரம்பு வழியாகவும் இரத்தம் வழியாகவும் மூளையைத் தொடுகின்றன. மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனின் என்ற ரசாயனத்தில் பெரும்பங்கு குடலில்தான் உருவாகிறது என்று டப்பாக்காரர்கள் சொல்வதும் உண்மைதான். அடுத்த வரியை மட்டும் விட்டுவிடுவார்கள். குடலில் உருவாகும் செரட்டோனின் மூளைக்குள் நேராக நுழைய முடியாது.

நாய்களின் பதற்றத்துக்கென்றே சோதித்த கிருமி ஒன்று இருக்கிறது. பிஃபிடோபாக்டீரியம் லாங்கம், அதிலும் பி.எல். 999 என்ற ரகம். 24 லாப்ரடார் நாய்களுக்கு ஆறு வாரம் அந்தப் பொடி, ஆறு வாரம் வெறும் பொடி என்று மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவற்றில் குரைப்பும் பரபரப்பும் குறைந்தன. சோதனையை நடத்தியது பொடியை விற்கும் நிறுவனமே. அதற்காகத் தூக்கி எறிய வேண்டியதில்லை, ஆனால் 24 நாய்கள் 24 நாய்கள்தான்.

உங்கள் டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். கிருமியின் பெயர் இரண்டு சொல்லாக இருக்கும், அதன் பிறகு எழுத்தும் எண்ணும் வர வேண்டும். எண் இல்லையென்றால் ஊரும் தெருவும் மட்டும் எழுதிக் கதவு எண் போடாத தபால் மாதிரி. ஒரு ரகத்தில் கண்ட பலனை இன்னொன்றின் மேல் ஏற்றிச் சொல்ல முடியாது. சைலிட்டால் என்ற இனிப்பு சேர்த்திருக்கிறதா என்றும் பாருங்கள். மனிதர்களுக்கான மென்று தின்னும் மாத்திரைகளில் போடுவார்கள். நாய்க்கு அது விஷம், சர்க்கரையைச் சரேலென்று இறக்கிவிடும்.

எதற்கும் முன்னால் ஒரு தீப்பெட்டியில் கொஞ்சம் மலம் எடுத்துப் போய்ப் பரிசோதியுங்கள். ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி, கொக்கிப்புழு இரண்டும் விட்டு விட்டு வரும் கழிச்சலைக் கொடுக்கும். அது இருந்தால் பொடியும் தேவையில்லை, தத்துவமும் தேவையில்லை.

மன்னவனூர் ஆட்டுக்காரன்:

அக்கா, நான் கொடைக்கானல் மேல்மலை. ஆட்டுப் பட்டிக்கு இரண்டு நாய். பெரியவன் மருது இடிக்கு நடுங்குவான். ஒரு பொடி இரண்டு மாதம் கொடுத்தேன். மலம் கெட்டிப்பட்டது, வயிற்று இரைச்சல் நின்றது, இடிக்குக் கட்டிலுக்கு அடியில் போவது மட்டும் நிற்கவில்லை. பொட்டலத்தை ஆவி பறக்கும் சோற்றில் கொட்டிப் பிசைந்து கொடுத்திருக்கிறேன் என்று பிறகுதான் தெரிந்தது. கிருமியை வேகவைத்துப் போட்டால் அது என்ன செய்யும் பாவம்.

இன்னொன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் செந்நாயும் சிறுத்தையும் உண்டு. சில ராத்திரி வெடியும் இல்லை, இடியும் இல்லை, மருது மட்டும் எழுந்து நிற்பான். முதலில் அதையும் பயம் என்று நினைத்து அதட்டிப் படுக்க வைத்தேன். ஒரு ராத்திரியில் இரண்டு ஆடு போனது. அதற்குப் பிறகு கவனித்தேன். வெடிக்கு அவன் காது பின்னால் படியும், வால் காலுக்குள் போகும், வாயில் எச்சில் ஒழுகும். மற்றதற்குக் காது முன்னால் வரும், கழுத்தில் இருந்து வால் வரை மயிர் ஒரே கோடாக நிற்கும், உடம்பில் ஒரு நடுக்கம் இருக்காது. இரண்டையும் ஒரே நோட்டில் ஒரே நோயாக எழுதிவிடாதீர்கள்.

கோத்தகிரி தையற்கடை:

டாக்டர், டப்பாவில் லாக்டோபேசிலஸ் அசிடோபிலஸ், சாக்கரோமைசிஸ் பவுலார்டி என்று இரண்டு பெயர். எண் எதுவும் இல்லை. இனிப்பும் இல்லை. மலப் பரிசோதனையில் புழு இல்லை என்று இன்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கொடுக்கட்டுமா?

குன்னூர் கால்நடை மருத்துவர்:

கொடுங்கள், தீங்கில்லை. இரண்டாவது பெயர் ஈஸ்ட் வகை, கழிச்சலுக்கு உதவக்கூடியது. ஆறிய சோற்றில் கலக்குங்கள். ஆனால் மூன்று வாரத்துக்கு வேறு எதையும் மாற்றாதீர்கள். தயிரும் புதிது, பொடியும் புதிது, படுக்கையும் புதிது என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கிவிட்டு, எது வேலை செய்தது என்று என்னிடம் வந்து கேட்பவர்கள்தான் அதிகம்.

அதற்குப் பிறகு, வெடி இல்லாத பகல் நேரத்தில் செல்போனில் பட்டாசுச் சத்தத்தை வையுங்கள். காதைத் தீட்டினால்தான் கேட்க வேண்டும், அந்த அளவு. ஒவ்வொரு வெடிக்கும் வேகவைத்த ஈரல் ஒரு துண்டு, மொச்சைக்கொட்டை அளவு போதும். ஈரலைத் தொடவில்லை என்றால் சத்தம் அதிகம் என்று அர்த்தம், குறையுங்கள். நாளுக்கு ஐந்து நிமிடம். உண்மையான வெடி நேரத்தில் முதுகில் காலை வைத்திருக்கிறேன் என்றீர்களே, அதை நிறுத்தாதீர்கள். தேற்றினால் பயம் வளரும் என்பது பழைய நம்பிக்கை.

தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னதாக அவளை நேரில் கொண்டு வாருங்கள். அன்றைக்கு மட்டும் கொடுக்கிற மாத்திரைகள் உண்டு. இங்கே பெயர் எழுதமாட்டேன், எழுதினால் நாளைக்கே நாலு பேர் வீட்டில் இருக்கும் தூக்க மாத்திரையைப் பாதியாக உடைப்பார்கள்.

கோத்தகிரி தையற்கடை (ஏழு வாரம் கழித்து):

கணக்குச் சொல்ல வந்தேன். அளவு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி வைத்தேன், முன்பக்கம் இடுப்புச் சுற்றளவு, பின்பக்கம் பூந்தி.

முதல் மூன்று வாரம் பொடி மட்டும். ஒன்பதாம் நாளில் இருந்து மலம் இறுகியது, வெடி வெடித்த மறுநாளும் தண்ணீராகப் போகவில்லை. பெடல் நடுங்கும் நேரம் மட்டும் குறையவில்லை. 50 நிமிடம், 45, 55, 50. நான்காம் வாரம் ஈரல் ஆரம்பித்தேன். முதல் நாள் வைத்த சத்தம் எனக்கே கேட்கவில்லை, பூந்தியின் காது மட்டும் திரும்பியது. ஈரலைத் தின்றாள். முப்பதாம் நாள் டப்பா தீர்ந்தது, இன்னொன்று வாங்கவில்லை. அதற்குப் பிறகும் நேரம் இறங்கிக்கொண்டே வந்தது: 40, 30, போன வாரம் 15. ஆறு வாரம் கொடுத்தால்தான் தெரியும் என்பார்கள், அது வேறு ரகம் என்பார்கள், தெரியும். ஆனால் எட்டு ரவிக்கைக் கூலியில் எவ்வளவு ஈரல் வாங்கலாம் என்று நானும் கணக்குப் போடுவேன் அல்லவா?

தீபாவளியன்று டாக்டர் கொடுத்த மாத்திரை. ஜன்னலுக்குக் கம்பளி கட்டி, வெடிச் சத்தத்தை மறைக்க மிக்ஸியைச் சும்மா ஓடவிட்டுக்கொண்டிருந்தோம். மெஷினுக்கு அடியில்தான் இருந்தாள், ஆனால் படுத்திருந்தாள். மறுநாள் கொஞ்சம் வயிறு கலங்கியது. பாட்டி, அன்றைக்கு உங்கள் தயிர்ச் சோறுதான், கம்பளியில் சுற்றி அரிசிப் பானையில் உறைந்த தயிர்.

ஆட்டுக்காரத் தம்பிக்கு ஒரு செய்தி. முந்தாநாள் ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு பிளவுசுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன். வெடி இல்லை, மழைகூட இல்லை. பூந்தி மெஷினுக்கு அடியில் இருந்து வெளியே வந்து பின்கதவைப் பார்த்து நின்றாள். காது முன்னால். முதுகில் நீங்கள் சொன்ன அந்தக் கோடு. பெடல் அசையவில்லை. நான் தாழ்ப்பாளை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு விளக்கை அணைக்காமல் படுத்தேன்.

காலையில் பீன்ஸ் பாத்தி ஈரமண்ணில் தடம் இருந்தது, என் உள்ளங்கை அளவு, நகம் பதியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வனத்துறைக்குச் சொல்லிவிட்டார். இன்று இரவு வருகிறார்களாம், பட்டாசோடு. அரைக் கிலோ ஈரல் வாங்கி வேகவைத்திருக்கிறேன்.