‘மறைமுகக் கேட்பாளர்’ வேண்டாமே!

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஒரு கதை தன்னைக் கேட்பவர் இப்படிப்பட்டவர் என்று தனக்குள்ளேயே எண்ணிக்கொள்கிறதே, அந்த ஆளுக்கு (ஆங்கிலத்தில் implied listener) நீங்கள் எழுதியிருந்த ‘மறைமுகக் கேட்பாளர்’ என்றால் ஒட்டுக்கேட்கிறவர் என்றுதான் என் காதில் விழுகிறது. ‘உள்ளுறைக் கேட்பாளர்’ தேவலை. ஆனால் உள்ளுறை என்றதும், சங்கப் பாடல்களில் இயற்கைக் காட்சிக்குள் வேறு பொருளை மறைத்துச் சொல்லும் உள்ளுறை உவமம் குறுக்கே வந்துவிடும்.

சொல்லைத் தேடும் முன் ஆளைப் பார்ப்போம். காங்கேயம் பக்கம் எங்கள் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) நிலக்கடலை உரித்துக்கொண்டே கதை சொல்வார். நான் ‘உம்’ கொட்டாவிட்டால் கதை நின்றுவிடும். கம்மங்கூழைக் கட்டி தட்டவிட்ட மருமகளின் கதை மட்டும் அத்தை அடுப்படியில் இருக்கும்போதுதான் வரும். குரலும் ஒரு படி உயரும். சங்க அகப்பாடல்களில் தலைவன் சிறைப்புறத்தே, அதாவது வேலிக்கு வெளியே மறைவாக நிற்க, தோழி தலைவியிடம் பேசுவதுபோல் அவனுக்குச் சொல்வாளே, அதே வேலை. (அத்தை பாத்திரத்தை வைக்கிற ஓசையிலேயே பதில் வந்துவிடும்.)

நாம் பெயர் தேடுவது எனக்கும் அல்ல, அத்தைக்கும் அல்ல. கூழ் கட்டி தட்டினால் ஏன் மானம் போகும் என்று அம்மிச்சி ஒருநாளும் விளக்கியதில்லை. விளக்கம் தேவைப்படாத ஒருவரை அந்தக் கதை தனக்குள் உட்கார்த்தி வைத்திருந்தது. 1972இல் ஜெர்மன் இலக்கியக் கோட்பாட்டாளர் வோல்ஃப்காங் இசர் வாசகரை வைத்துப் பேசியது இப்படிப்பட்டவரைப் பற்றித்தான். கொங்கு நாட்டில் உடுக்கை அடித்து, பொன்னர், சங்கர் என்ற அண்ணன் தம்பியரைப் பற்றிய அண்ணன்மார் சாமி கதை பாடுகிறவர் ‘தங்காள்’ என்றால் போதும். பொன்னர், சங்கரின் தங்கை என்று கூட்டத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1965இல் மானிடவியலாளர் பிரெண்டா பெக் ஒலிப்பதிவு செய்த அதே கதையை அச்சில் படிக்கும் வெளியூர்க்காரருக்கோ அடிக்குறிப்பு வேண்டும்.

தொல்காப்பியச் செய்யுளியல் கேட்போரைச் செய்யுள் உறுப்பாகவே எண்ணுகிறது. அதே வரிசையில் ‘முன்னம்’ என்றோர் உறுப்பு: இந்த இடத்தில் இந்தச் சொல்லை இன்னார் இன்னாருக்குச் சொன்னார் என்று கூற்றைக் கொண்டே உணரவைப்பது. ஆகவே, ‘முன்னக் கேட்பாளர்’.

‘முன்பு கேட்டவர்’ என்று மாணவர்கள் படித்துவிடுவார்கள் என்பீர்கள். நியாயம்தான். முதல் இடத்தில் ஒரு வரி விளக்கம் கொடுத்துவிடலாம்.

1973இல் கதையியல் ஆய்வாளர் ஜெரால்ட் பிரின்ஸ் தனியே எடுத்துப் பேசிய, கதைசொல்லி யாரை நோக்கிப் பேசுகிறாரோ அந்த ஆளுக்குக் ‘கதைகேட்பி’ என்று எழுதியிருந்தீர்கள். கேட்பி என்றால் கேட்கவைப்பது ஆகிவிடும். ‘கதைகேளி’ இருக்கட்டும், கேலி என்று காதில் விழுந்தாலும் பாதகமில்லை.

உடுக்கைக்காரருக்குப் பின்பாட்டுப் பாடி ‘ஆமாம்’ போடுகிறவர் இரண்டிலும் சேரமாட்டார். கேட்பதே அவருக்குத் தொழில். அவருக்கு ‘உம்கொட்டி’ என்று வைக்கலாமா? சிரிக்காமல் பதில் எழுதுங்கள்.